தடைக்காலம்

ஏசியின் வெளிப்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு சாண் இடம்.
அதில் குடித்தனம் நடத்துகிறது ஜோடி.
துடைப்பக் குச்சி நாலு, கட்டுக்கம்பி ஒன்று,
என் துணி கிளிப்பின் உடைந்த பாதி.
கூடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருவாரூரில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
முதல் மாடி, ஏழாயிரம் வாடகை.
புறாவும் சேர்த்துத்தான் என்று
ஜெகபர் அலி பாய் சொல்லவில்லை.

அந்துருண்டை வைத்தேன்.
பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டேன்:
என் கல்யாண வீடியோ, மூன்று பாகம்.
வெயிலில் தகதகவென்று சுழன்றது முகூர்த்தம்.
கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு
அதன் மேலேயே எச்சமிட்டது ஆண்.
தேர்க்கடையில் வாங்கிய ரப்பர் பாம்பைச்
சுருட்டி வைத்தேன்.
நாலாம் நாள் பார்த்தால்
பாம்பின் வளையத்துக்குள் இரண்டு முட்டை,
உருளாமல், பத்திரமாக.

சிரித்தேன்.
அன்று ராத்திரி சாதனாவுக்கு இழுப்பு.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றாமலே கேட்டார்,
"வீட்டுப் பக்கம் புறா இருக்கா?"
நெபுலைசர் முகமூடிக்குள் ஆறு வயசு மார்பு
குர்ர், குர்ர்.
ஜன்னலுக்கு வெளியேயும் அதே.
எது எதுவென்று பிரிக்க
விளக்கைப் போட வேண்டியிருந்தது.

வேலை எனக்கு நெல் கிடங்கில், பட்டியல் எழுத்தர்.
அங்கேயும் தார்ப்பாய் கிழிந்த அட்டியின் மேல்
அதுகள்தான்.
ஈரப்பதத்துக்கு ஒரு கட்டம், எடைக்குறைவுக்கு ஒரு கட்டம்.
புறா தின்றதற்குக் கட்டம் கிடையாது,
எடைக்குறைவில் போய்ச் சேர்ந்துவிடும்.
"சோழ நாட்டுல உக்காந்துக்கிட்டு புறாவை வெரட்டுறதா?
தொடையை அறுத்து தராசுல வெச்சான் ராசா"
என்றார் மூட்டை தூக்கும் வைரக்கண்ணு, டீயை ஊதிக்கொண்டே.
தராசு என்னிடம்தான் இருக்கிறது, வைரக்கண்ணு.
சாக்கோடு நாற்பது கிலோ ஐந்நூற்று எண்பது.
ராசா பிள்ளைக்கு இழுப்பு இருந்ததா,
அதைச் சொல்லுங்கள்.

வலை கட்ட வந்தவர் அக்கரைப்பேட்டை செல்லத்துரை.
விசைப்படகில் போகிறவர்,
மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் இந்த வேலை.
சதுர அடி பதினைந்து.
கண்ணியை இரண்டு விரலால் விரித்துக் காட்டினார்.
"கடல்ல உள்ள விழுந்தா காசு.
இங்க உள்ள விழாம இருந்தா காசு.
நூலு ஒண்ணுதாங்க."
முட்டையைப் பார்த்தார். பாம்பைப் பார்த்தார்.
"எடுத்துடவா?"

உள்ளே போய்க் காலண்டரில் எண்ணினேன்.
பொரிக்கப் பதினெட்டு, பறக்க முப்பது.
"பதினாலு ராத்திரி போட்ல ஏறிடுவேங்க."
அதற்கு இருந்தது இருபத்தொரு நாள்.

இரண்டு தட்டும் சமமாக நின்றன
என்று எழுதத்தான் ஆசை.
நிற்கவில்லை.
"எடுத்துடுங்க" என்றேன்,
அடுப்படியிலிருந்து, அவர் முகம் தெரியாத இடத்திலிருந்து.

பாம்போடு சேர்த்துப் பையில் போட்டு
முடிச்சுப் போட்டார், கடல் முடிச்சு, பல்லால் இறுக்கி.
எச்சத்தை நனைத்து ஊறவைத்துச் சுரண்டினேன்,
மூக்கில் துணி கட்டி,
ஒரு பக்கெட், இன்னொரு பக்கெட்.

மூன்று நாள் வலைக்கு வெளியே
குழாய்மேல் உட்கார்ந்திருந்தன இரண்டும்.
குமுறவில்லை ஒன்றுமில்லை.
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றன.
நாலாம் நாள் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்
முதல் குச்சி போய்ச் சேர்ந்தது.
அந்த வீட்டிலும் ஒரு கைக்குழந்தை.
சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை செருப்பு மாட்டினேன்.

ஜூன் பதினைந்து பேப்பரில்
படகுகள் வரிசையாகப் புறப்படும் படம்.
அதில் எதிலோ செல்லத்துரை,
உள்ளே விழ வேண்டியதற்காக.

சாதனா இப்போது நன்றாகத் தூங்குகிறாள்.
இரண்டரைக்கோ மூன்றுக்கோ
எனக்குத்தான் விழிப்புத் தட்டுகிறது.
ஒரு சத்தமும் இல்லை,
வெளியேயும், உள்ளேயும்.
எழுந்து, விளக்கைப் போடாமல்
அவள் மார்பில் காதை வைக்கிறேன்.