பதினொரு தெருக்கள்

சான் தெலெஸ்ஃபோரோ நகராட்சியின்
பெயர்சூட்டும் குழுவில் ஐந்து பேர்.
நான் ஆறாவது, குறிப்பெழுதுபவன்.
வாக்கு கிடையாது.
மாத்தே தேநீருக்கு வெந்நீர் என் பொறுப்பு.

உருகுவாய் ஆற்று மேட்டில் புதுக் குடியிருப்பு.
கம்பம் நட்டாயிற்று, விளக்கு வரவில்லை.
பெயரில்லாத தெருவுக்குக்
குழாய் இணைப்பு தரமாட்டார்களாம்.
ஆகவே பதினொரு தெருவுக்கும்
செத்தவர்கள் தேவை, அவசரமாக.

முதல் பெயருக்குச் சண்டையில்லை:
மேயர் எச்செகோயென், டிராம் கொண்டுவந்தவர்.
அவருக்கும் ஆயருக்கும் பேச்சு கிடையாது;
தண்டவாளத்தைத் தேவாலயத்துக்கு
நானூறு அடி முன்பாகவே நிறுத்திவிட்டார்.
ஊர் மழையில் நனைந்தபடி பூசைக்கு நடந்தது,
வழியெல்லாம் அவரைத் திட்டியது,
மூன்று தேர்தலிலும் அவருக்கே வாக்குப் போட்டது.

பிறகு நிக்கானோர் அர்ருவா, சைக்கிள் வீரர்.
ஏழு பந்தயம், ஏழிலும் இரண்டாமிடம்.
"தோற்றவனுக்கா தெரு?" என்றார் தலைவர்.
"சரி, ஜெயித்தவன் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்."
வெந்நீர் ஆறும்வரை யோசித்தோம்.
அர்ருவாவுக்கு
நல்ல சரிவான தெருவாகப் பார்த்துக் கொடுத்தோம்.

மருத்துவர் லெயொகாதியா சுபிரியா
கட்டணமாகக் கோழி வாங்குவார்;
வாங்கிய கோழி சாயங்காலமே
அடுத்த நோயாளி வீட்டில் சூப்பாகக் கொதிக்கும்.
அவருடைய கணக்குப் புத்தகம் அருங்காட்சியகத்தில்,
சில பக்கங்களில் இன்னும் இறகோடு.

நடுவில் உள்ளவர்கள் சுலபம்:
கால்வாய் வெட்டிய பொறியாளர், பாண்டு வாத்தியக்காரர்,
பூங்காவுக்கு நிலம் கொடுத்துவிட்டு
வாழ்நாள் முழுக்க அதைப் பற்றியே பேசியவர்,
இன்னும் சிலர்.

பத்தாவதில் நின்றுபோனது.
இறைச்சி ஆலையின் ஆங்கிலேய மேலாளர் ஹாப்டே.
மருத்துவமனை கட்டியவர்.
ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வாசலில் பட்டியல் ஒட்டி
இருநூற்றுப் பன்னிரண்டு பேரை
வீட்டுக்கு அனுப்பியவரும் அவரே.
ஒஃபேலியா பிச்சார்தோ குரலை உயர்த்தவில்லை:
"என் அப்பா நூற்றுப் பதினேழாவது."
சொல்லிவிட்டுக் கோப்பையை என்னிடம் நீட்டினார்.
மூன்றுக்கு இரண்டு.
அது இப்போது வெள்ளிக்கிழமைத் தெரு.

கடைசித் தெரு.
பெருவெள்ளத்து இரவில் ஆலைச் சங்கை
மூன்று மணி நேரம் விடாமல் ஊதியது யார்?
தாழ்வான பேட்டை முழுவதும்
கட்டிலைத் தூக்கி, ஆட்டைத் தூக்கி,
கல்லறை மேட்டில் ஏறி உயிர்பிழைத்தது.
"எங்கள் மாமா", "எங்கள் சித்தப்பா" என்று
நாற்பது குடும்பங்களின் மனு.
ஆலையின் சம்பளப் பேரேட்டை நான்தான் புரட்டினேன்.
அந்த மாதத்தில் ஒரே வரி:
"அனுமதியின்றிச் சங்கு ஊதியதற்கு
ஒரு நாள் கூலி பிடித்தம். வில்லை எண் 608."
எந்த எண் யாருடையது என்ற பதிவேடு
அதே வெள்ளத்தில் போய்விட்டது.
பிடித்த கூலியைத் திருப்பித் தந்ததாக வரியில்லை.
அடுத்த மாதமும் பார்த்தேன்,
அதற்கடுத்த மாதமும்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அப்படியே எழுது" என்றார்.

விளக்கு வந்துவிட்டது அங்கே.
நேற்றுப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பையன்
கைபேசியில் பீட்சாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்:
"அறுநூற்றெட்டு, பதினாலாம் எண்.
இல்லைங்க, வீடு பதினாலு.
தெருவா? அதான் சொன்னேனே,
அறுநூற்றெட்டு.
ஆமாம்.
ஆமாங்க, அதுதான் பெயர்."