பாரா மாறும் நேரம்

விடியும் முன்பே தூத்தூரில் வந்து
என்னை வண்டியில் ஏற்றினார்கள்.
டெல்லியிலிருந்து வரவேண்டிய மொழிபெயர்ப்பாளருக்கு
விமானம் தப்பிவிட்டதாம்.
'அந்த நாட்டுப் பாஷை தெரிஞ்ச ஆளு
இந்த ஜில்லாவிலயே நீரு ஒருத்தர்தான் ஓய்'
என்றார் சங்கத்துப் பேராசிரியர் ஆன்சலம்.

தெரியும்தான்.
எல்லையைத் தாண்டியது சுறாவா, எங்கள் விசைப்படகா
என்று யாரும் கேட்காமலே அடைத்துவைத்து,
பதினோரு மாதம் படிப்பித்த பாஷை.

கன்னியாகுமரி ஓட்டலில் ஏசி அறை.
ஆறு நாட்டு எம்.பி.க்கள் ஏழு பேர்.
ஒருத்தர் காதில் கருவி.
ஒருத்தருக்கு மூக்குத் தோல் உரிந்திருந்தது,
நாளைச் சூரியன் எத்தனை மணிக்கு என்று
இரண்டு தரம் கேட்டார்.
தட்டில் முந்திரிக்கொத்து.
கல்லென்று நினைத்தார்களோ என்னமோ
ஒருத்தரும் தொடவில்லை.

எதிரே அவள், அந்த நாட்டுக்காரி.
கணக்கு டீச்சராக இருந்தவளாம்.
பெயரை எங்கும் எழுதக்கூடாது.

தீர்மானத்தை ஆன்சலம் தமிழில் வாசித்தார்:
'ராணுவ ஆட்சியிலிருந்து குடியாட்சிக்கு
அந்நாடு மாறுவதை
நாங்கள் முழுமனதாக ஆதரிக்கிறோம்.'
சொல்லும், என்று என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரிந்த சொற்கள்:
எழும்பு. குத்தவை. எண்ணிக்கோ.
சுவரைப் பாரு.
தண்ணி, சோறு, சாவி.
பிறகு, காலையும் மாலையும் மணியடித்துக் கத்தும்
அந்த ஒன்று: பாரா மாறுது.

ஆட்சிக்குச் சொல் இல்லை என்னிடம்.
ஆதரவுக்கும் இல்லை.
குடிமகனுக்கு மட்டும் ஒன்று கிடைத்தது.
உடுப்பில்லாமல் உள்ளே வந்துபோனவன்
ஒருத்தன்தான், தண்ணிக்காரன்.
வாளியைக் கீழே வைக்கும்போது
சத்தம் வராமல் வைப்பான்.

தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:
'பாரா மாறுது.
இனிமே சாவி தண்ணிக்காரன் கையில.
இவங்க ஏழு பேரும் சரி சொல்றாங்க.'

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
சிரிக்கவில்லை.
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
எந்தக் கொட்டடியில் படித்த உச்சரிப்பு என்று
தேடுகிற மாதிரி.
பிறகு ஒரே சொல் கேட்டாள். எனக்குத் தெரிந்த சொல்.
எப்போ?

தமிழில் சொன்னேன். ஆன்சலம் ஆங்கிலத்தில் சொன்னார்.
காகிதங்கள் புரண்டன.
காதுக்கருவிக்காரர் கருவியைத் திருகினார்.
கடைசியில், 'கூடிய விரைவில்' என்று
அந்தப் பக்கமிருந்து வந்தது.

கூடிய விரைவில்.
அதற்கு அந்தப் பாஷையில் எனக்குத் தெரிந்தது
'நாளைக்கு'.
எனக்க கேஸ் என்னாச்சு என்று
கம்பியைப் பிடித்துக் கேட்டபோதெல்லாம்
முந்நூற்றுச் சொச்சம் நாளும் கேட்ட நாளைக்கு.

சொல்லவில்லை.
'என்னவே, சொல்லும்' என்றார் ஆன்சலம்.
தெரியலை சார் என்றேன்.
அதைப் பொய் என்று மூக்கு உரிந்தவர்கூடக்
கண்டிருப்பார்.

வாக்கெடுப்பு. கைகள் எழும்பின.
என் கையும் எழும்பிவிட்டது,
எண்ணிக்கை எடுக்கும்போது எழும்பிப் பழகிய கை.
குறிப்பெடுத்த பெண் எட்டு என்று எழுதி
நிமிர்ந்து பார்த்து
அடித்து ஏழாக்கினாள்.

சாயா குடிக்க வெளியே வந்தபோது
கைப்பிடிச் சுவரருகே அவள் நின்றாள்.
கீழே பாறையில் அலை ஏறி வழிந்தது.
எந்தச் சிறை என்றாள். சொன்னேன்.
எனக்க தம்பி அங்கேதான், என்பதுபோல் ஏதோ சொன்னாள்.
உள்ளேயா?
தலையாட்டினாள், இல்லை.
தோளில் துப்பாக்கி சாத்துவதுபோல் கையை வைத்துக் காட்டினாள்.
சந்தைக்குப் போனவனைப் பிடித்து
உடுப்பு மாட்டிவிட்டார்களாம்.
வயது பத்தொன்பது.
நெட்டையா? எதாவது பேசினானா?

யோசித்துப் பார்த்தேன்.
தொப்பிக்குக் கீழே எல்லாரும் ஒரே உயரம்.
ஒருத்தன் மட்டும் எண்ணும்போது
பதினேழுக்குப் பிறகு பத்தொன்பது சொல்வான்,
நாங்கள் யாரும் திருத்தமாட்டோம்.

அதைச் சொல்லவா வேண்டாமா என்று
நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.
எண்கள் எல்லாம் தெரியும் எனக்கு
அந்தப் பாஷையில்.