இருபத்தோராம் நாள் நிறை

ஒவ்வொன்றாய்த் தூக்கித் தராசில் வைத்தேன்.
நானூற்றுப் பத்து.
முந்நூற்றுத் தொண்ணூறு.
நானூற்றைந்து, அதுவும் என் மணிக்கட்டை உதைத்தபடி.
குஞ்சு தந்த கொம்பனியின் அட்டவணை
எண்ணூற்றைம்பது என்கிறது.
ஒவ்வொரு கோழியிலும் பாதியை
யாரோ இரவில் வந்து
தின்றுவிட்டுப் போனதுபோல.

நீர்வேலியில், வாழைகளுக்குப் பின்னால்,
தகரக் கொட்டிலில் இருநூறு குஞ்சு.
கடைத்தீன் மூட்டை என் கைக்கு எட்டாமல் போன மாதம்
நானே கலந்தேன்:
சோளன், தவிடு, எள்ளுப் பிண்ணாக்கு,
மயிலிட்டிக் கருவாட்டுத் தூள்,
புரதத்துக்குச் சோயா,
உரும்பிராய் மில்லில் பச்சையாய் அரைத்தது.
வங்கியில் பதினொரு வருசம் காசு எண்ணினவள் நான்.
நூற்றுக்கு இருபத்திரண்டு புரதம்;
மேலிருந்து கூட்டினேன், கீழிருந்தும் கூட்டினேன்,
தாளில் ஒரு சதம் பிசகில்லை.

முதலில் மீனைத்தான் குற்றவாளி ஆக்கினேன்.
தூளை நாக்கில் வைத்தால் கடல்.
குஞ்சுகள் தண்ணீர்ச் சட்டியை விட்டு அசையவில்லை,
கீழே பரப்பிய உமி சேறாய்க் கிடந்தது.
உப்புப் போடாமல் காய்ந்த சூடைக்கு மாறினேன்.
உமி காய்ந்தது.
தராசின் முள்
அப்படியே நின்றது.

டொக்டர் நிலோஜினி ஒரு சின்னப் போத்தலோடு வந்தா.
பீரிசில் என் சோயா மா ஒரு கரண்டி,
அதன்மேல் நாலைந்து சொட்டு.
பேசி முடிக்கமுன் பீரிஸ் சிவந்தது.
"சூடு பட்டதெண்டால் இப்பிடிச் சிவக்காது, அக்கா."
அன்று காலை செத்ததைப் பிளந்து
குடல் மடிப்புக்குள் விரலால் காட்டினா:
கணையம். வீங்கி, வெளிறி,
கூலி கிடைக்காத வேலையில் பெருத்த உறுப்பு.

அன்றிரவு ஒரு சோயா விதையை
உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இதற்கு என் கோழியோடு பகை ஒன்றும் இல்லை.
முளைக்க நினைத்த பொருள்,
தின்ன வருகிறவரின் வயிற்றுச் சாற்றையே
கட்டிப்போடும் பூட்டு ஒன்றைத்
தனக்குள் போட்டு வைத்திருக்கிறது.
நான் இருபத்திரண்டு என்று எழுதினேன்.
பூட்டிய பெட்டிக்குள் இருந்த இருபத்திரண்டு அது.
குஞ்சுகள் பெட்டியை விழுங்கிப்
பெட்டியாகவே எச்சமிட்டன.

திருவிழாக்கள் முடிந்து
புவிராசாவின் கச்சான் தாச்சி கவிழ்ந்து கிடந்த காலம்.
வாடகைக்குக் கேட்டேன். சிரித்தார்.
"கோழிக்கோ வறுக்கப் போறாய்?"
மணலையும் தந்தார்.
முதல் தாச்சி கருகியது.
மணம் நல்ல மணம்தான்;
கருகினால் புரதமும் சேர்ந்து செத்துப்போகும் என்று
டொக்டர் போனில் ஏசினா.
இரண்டாவது தாச்சியில்
தோல் வெடிக்கிற சத்தத்துக்குக் காது கொடுத்தேன்,
பொன்னிறம் திரும்பமுன் இறக்கினேன்.
மில்காரனிடம், மாவாக்காதே, குறுணலாய் விடு என்றேன்.
மா என்றால் அலகில் களியாய் ஒட்டி
தண்ணீர்ச் சட்டிக்குள் கரைந்து போகிறது,
என் காசு.

இப்போது ஒவ்வொரு தாச்சியிலும்
மூன்று விதையைக் கடித்துப் பார்க்கிறேன்.
பச்சை வாடை என்றால் இன்னும் பூட்டு.
கசப்பு என்றால் கரி.
இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இனிப்பு,
அந்த இடத்தில் அகப்பையைப் போட்டுவிட்டு
தாச்சியை இழுக்கவேணும்.
என் வாயில் எப்பவும் சோயா மணக்குதாம்;
இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கிறார்.

அடுத்த தொகுதி, இருபத்தோராம் நாள்:
எழுநூற்று அறுபது.

இன்னும் தொண்ணூறு கிறாம்
எங்கேயோ நிற்கிறது.
மாரி தொடங்கிவிட்டது.
சுவரோடு சாய்த்த சோளன் மூட்டையின் அடிப்பக்கம்
தொட்டால் குளிர்கிறது.
வாயை அவிழ்த்து
முழங்கைவரை கையை விட்டு
ஒரு பிடி அள்ளி முகர்கிறேன்.