சனிக்கு அப்பால் ஞாயிறு

வெள்ளி இரவு ஒன்பதரைக்கு
'சனிக்கு அப்பால்' என்று புதிதாய் ஒரு தொடர்.
"சனிக்கு அப்பால் ஞாயிறு.
இதைச் சொல்ல எதுக்கு ஒரு ராக்கெட்டு?"
என்றார் லோரிக்கார சன்னாசி,
எடைமேடையில் பதினெட்டு டன் செம்பனைக் குலையை
நிறுத்திவிட்டு.

பகாவ் ஆலையின் எடைமேடைச் சன்னலில்
ரசீது கிழிப்பவள் நான்.
எண் நிலைகொள்ளும்வரை யாரும் நகர முடியாது.
அந்த ஒரு நிமிடத்தில்
ஊரின் அபிப்பிராயம் முழுக்க
டீசல் வாடையோடு என் மேசைக்கு வந்துவிடும்.

முதல் வாரம்
நானூறு பேர் கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்கினார்கள்.
விழித்திருந்தவள் ஒருத்தி,
காற்று இயந்திரத்துக்கு எண்ணெய் விடுபவள்.
"அம்மாம் பெரிய கப்பல்ல ஒரு கரப்பான்கூட இல்லையாம்,
நம்பணுமாம்" என்றாள் துப்புரவு லூர்துமேரி.
கிளினிக் பவளமணிக்கு அவள் தமிழே ஆகவில்லை.
இரண்டு எபிசோடு பேசியும் ஒரு 'லா' விழாதாம்,
அப்படி எந்த ஊர்க்காரி?
பாய்லர் யுகேந்திரன் மட்டும்,
அழுத்தமானியின் முள் சிவப்பைத் தொட்ட பிறகும்
ஒருவரும் வால்வைத் திறக்காததற்காக
இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இரண்டாம் வாரம் எனக்குக் கொஞ்சம் பிடித்தது.
சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.
அது கவிழாமல்
மெல்ல எழுந்து
அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.
எடை போட்டே பன்னிரண்டு வருடம் போனவளுக்கு
அது போதும்.
கதை என்னவென்று கேட்காதீர்கள்.

மூன்றாம் வாரம்தான் வினை.
யாரோ கதவைத் தட்டினார்கள்.
கப்பலுக்கு வெளியிலிருந்து.
அவள் கை தாழ்ப்பாள்மேல்.
அந்நேரம் பார்த்துப் பிடித்தது மழை.
கூரைமேல் இருந்த அத்தனை தட்டும்
ஒன்றாய்க் கண்ணை மூடிக்கொண்டன.
நீலத் திரையில் மலாயில் ஒரு மன்னிப்பு,
ஒன்பது நிமிடம்.
திரும்பி வந்தபோது
அவள் அழுதுகொண்டிருந்தாள்,
கதவு மூடியிருந்தது,
பெயர்கள் ஓடத் தொடங்கியிருந்தன.

சனி காலை ஆறரைக்கே லோரி வரிசை.
திறந்துட்டாள் என்றார் சன்னாசி, வந்தது புருஷன்,
இல்லாட்டி எதுக்கு அழுகை?
திறந்தால் காற்றெல்லாம் போய்விடும் என்றான் யுகேந்திரன்,
இப்போதாவது புத்தி வந்ததே என்று
வால்வையும் சேர்த்து அவளை மன்னித்தான்.
வெளியே நின்றதும் அவளேதான் என்றாள் லூர்துமேரி,
எப்படி என்று கேட்டதற்கு
துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

குலை ஏற்றும் ரஃபிகுல்,
மஸ்தான் கடை வாசலில் நின்று பார்ப்பவன்,
அரைத் தமிழில் சொன்னான்:
"அக்கா, அது ஏஜெண்டு.
பாஸ்போர்ட்டு வாங்க வந்திருக்கான்."
சன்னாசி சிரிக்க வாயெடுத்தார்.
சிரிக்கவில்லை.

ஞாயிறு மதியம் மறு ஒளிபரப்பு.
வெயில், தட்டில் ஒரு துளி இல்லை.
ஊரே பார்த்தது.
அந்த ஒன்பது நிமிடமும்
அவள் கையை எடுக்காமல் நின்றாள்.
தட்டுவது நின்றது.
அவ்வளவுதான்.

திங்கள் யாருக்கும் பேச்சில்லை.
ரசீதை நீட்டினால் வாங்கிக்கொண்டு போனார்கள்.
செவ்வாயும் அப்படியே.
புதன் காலை சன்னாசியின் லோரி ஏறியது,
எண் நிலைகொண்டது,
அவர் நகரவில்லை.
கிழக்கே மேகத்தைக் கொஞ்சம் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை மழை இருக்குமா, தங்கச்சி?"

"இருக்கும்னு சொன்னாங்க" என்றேன்.
யாரும் சொல்லவில்லை.

பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.