உப்புக் கொக்கு

இரவு வேலை முடிந்து
ஏழரைக்கு ஹில்மியின் கடையில் ஸ்கூட்டியை நிறுத்தினேன்.
உப்பு, நுளம்புத்திரி, அரை இறாத்தல் பாண்.
பாண் முடிந்துவிட்டதாம்.

உப்புப் பக்கற்றை அவர் மேசையில் வைத்தபோதுதான் கண்டேன்.
நீலம். ஒரேயொரு நீலம்,
உள்துறைமுகத் தண்ணீர் பின்னேரம் இரண்டு மணிக்கு
அலுத்துப்போய்க் காட்டுகிற நீலம்.
நடுவில் ஒற்றைக்காலில் ஒரு வெள்ளைக் கொக்கு.

வெள்ளை மை என்று நினைத்துப்
பெருவிரலால் அழுத்தினேன்.
கொக்கின் வயிறு நறநறத்தது.
அந்த இடத்தில் மையே இல்லை.
கொக்கின் அளவுக்கு அச்சடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.
உள்ளே இருக்கும் உப்புத்தான்
இறகு, கழுத்து, எல்லாம்.

"ஹில்மி, இதைப் பாத்தீங்களா?"
"விலை கூடிட்டுது மிஸி, நான் என்ன செய்ய."

மூன்று மொழியிலும் உப்பு என்று எழுதியிருந்தது.
தமிழில், 'ப்'பன்னாவின் புள்ளி வட்டமாய் இல்லை,
ஒரு கல்லுப்பைப் போலச் சதுரமாய்.
சிறிய எழுத்துகளையும் வாசித்தேன்.
பிழை இல்லை.
நம்பாமல் திரும்பவும் வாசித்தேன்.
இல்லை.

யார் வரைந்திருப்பார்?
முதலாளியிடம் "அழகு" என்று சொல்லியிருந்தால்
அன்றைக்கே கிழித்துப் போட்டிருப்பார்கள்.
"மை மிச்சம் சேர்" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

இரவெல்லாம் நான் தூக்கி மாட்டியதும் உப்புத்தான்.
ஐந்நூறு மில்லிலீற்றர்,
கோடு கோடாய் எண்கள், காலாவதித் திகதி.
அதையும் யாரோ யோசித்து வரைந்திருக்கிறார்:
வாட்டின் அரை வெளிச்சத்திலும்
கண்ணைச் சுருக்காமல் வாசிக்கலாம்.
பதினோராம் கட்டில் கிண்ணியாக்காரர்
விடியும்வரை அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.
அவருக்கும் ஒரு கொக்கு இருந்திருக்கலாம்.

வீட்டில் கோபிதரன் கத்தரிக்கோலோடு நின்றார்,
வழக்கம்போல் போத்தலில் கொட்ட.
"ஐயோ வேண்டாம்" என்றேன்.
நோயாளி விழப்போனால் வருகிற குரல்.
அவர் பயந்தே போனார்.
காட்டினேன்.
பக்கற்றைத் திருப்பினார், குலுக்கினார்,
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
மேல் மூலையை மட்டும்
நகவெட்டியால் வெட்டினார்.

முதல் கிழமை கொக்குக்குத் தலை போனது.
அலகு இருந்த இடத்தில்
காஸ் அடுப்பின் குமிழ் தெரிந்தது.
பிறகு கழுத்து.
ஒரு ஞாயிற்றுக்கிழமை பொரிக்கவென்று பாரை வந்தது,
அன்றைக்கு இறகு முழுவதும் தீர்ந்தது.
"இன்னும் முழங்காலளவு இருக்கு" என்பார்,
உப்பு எவ்வளவு மிச்சம் என்று கேட்டால்.

கடைசி நகம் இரசத்துக்குப் போன நாள்
எனக்கு இரவு வேலை.
காலையில் வந்து பார்க்கிறேன்,
கழுவி, கொடியில் உலர்த்தி,
உடுப்புக் கிளிப்பால் வாயை மூடி
அதே தட்டில் அதே பக்கற்.
உள்ளே மைசூர்ப் பருப்பு.
கொக்கு பூநாரையாகி நின்றது,
கால்நகம்வரை செம்மஞ்சளாய்.

அவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார்.
இதைப் பார்க்க நான் வருவேன் என்று தெரிந்து
தட்டிலிருந்த மற்றச் சாமான்களை
கொஞ்சம் தள்ளி வைத்திருந்தார்.

அன்று சோறும் சொதியும் மட்டும்தான்.
பருப்பில் கைவைக்க
இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.