ஒன்பதாவது பார்

காசிமேட்டில் டீசலும் சங்கரா மீனும் மணக்கும் ஒரு பகலில்
ஞானாதிக்கம் என் பில் கவுண்டரில் முழங்கையை ஊன்றினார்.
"உயில் எழுதப் போறேன். உன் பேரைப் போடலாமா?"
சாட்சிக் கையெழுத்து என்று நினைத்துப் பேனாவைத் திறந்தேன்.
"அதுக்கு ரெண்டு பேர் இருக்காங்க.
நீ எனக்கு அப்புறம்.
எழுதினத நடத்திக் குடுக்கறவ."

ஜெரால்டு எதையும் நாளைக்கே விற்பான்.
வின்சி யார் அழுதாலும் கொடுத்துவிடுவாள்.
மருமகனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை,
கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார், ரொம்ப நேரம்.

"அதுக்கு ஏன் நானு?"
"எட்டு பார் ஐஸுக்கு ஒன்பதுன்னு பில் போட்டுட்டு
மறுநாள் படகு வரைக்கும் ஓடியாந்து காசக் குடுத்தியே."

எனக்கு ஞாபகமே இல்லை.
பதினோரு வருடம் அவர் ஞாபகத்தில்
எனக்கே தெரியாமல் நல்லவளாக இருந்திருக்கிறேன்.
மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமாம்.
அதை வக்கீல் பிறகுதான் சொன்னார்.

ஏழாம் நாள் பூசை முடிந்து பீரோவைத் திறந்தோம்.
பாரிமுனையில், மின்விசிறிக்குக் கீழே
காகிதங்களை அமுக்கிப் பிடித்தபடி வக்கீல்,
"எல்லாம் இனிமே உங்க கையில இருக்கும் மேடம்.
ஆனா உங்களோடது இல்ல" என்றார்.
இருபது வருடமாக ஐஸுக்குப் பில் போடுகிறேன்.
இதை எனக்கா சொல்கிறார்?

தண்டையார்பேட்டையில் ஒன்றரை அறை வீடு. லேத் ஒன்று.
விசைப்படகில் கால் பங்கு.
சேட்டுக் கடையில் மூன்றரைப் பவுன், வட்டி ஏறிக்கொண்டு.
முதலில் கடன், அப்புறம்தான் பங்கு.
ஆஸ்பத்திரி, கரண்டு, அடகு.
டீக்கடையில் நூற்றிப்பத்து ரூபாய்.
"செத்தவர்ட்ட வாங்குவனா" என்றார் கடைக்காரர்.
திட்டி வாங்கவைத்து ரசீதும் எழுதிக்கொண்டேன்.
"எப்பக்கா முடியும்?" தினமும் ஜெரால்டு போன்.
மூன்றாம் மாதத்தில் அக்கா போய்
நான் அவனுக்கும் மேடம் ஆனேன்.

டைரியின் கடைசிப் பக்கத்தில்
கிரீஸ் விரல் பதிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி:
எர்ணாவூர் லூர்தம்மா. பதினெட்டாயிரம். பாக்கி.

சுனாமி குடியிருப்பில் மூன்றாவது மாடி.
"நான் எங்கம்மா கடன் குடுத்தேன்?
எங்க வூட்டுக்காரருக்கு என்ஜின் பெல்ட்ல நாலு விரல் போச்சு.
மூடி மாட்ட மறந்தவரு அவரு.
அப்போலேர்ந்து மாசாமாசம் வந்து எதனா வெச்சிட்டுப் போவாரு.
நாங்க கேட்டதே இல்ல."
ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.
இறங்கும்போது படி எண்ணினேன், எதற்கென்று தெரியாமல்.

சீட்டில்லை. சாட்சியில்லை. உயிலில் ஒரு எழுத்தில்லை.
இது கடனே இல்லை என்றுதான் வக்கீல் சொல்வார்.
அவரைக் கேட்கவில்லை.

ஜெரால்டு கணக்கை விரல் வைத்துப் படித்தான்.
விரல் ஒரு வரியில் நின்றது.
"எர்ணாவூர்ல யாரு?"
"பாக்கி" என்றேன், கவுண்டர் குரலில்.
பார்த்தான். கையெழுத்துப் போட்டான்.

எட்டு பாருக்கு ஒன்பது.
மறுநாள் விடிந்தது,
லாரிகள் வந்தன, ஐஸ் அரைபட்டது.
நான் எங்கும் ஓடவில்லை.