சிவப்புப் பொத்தான்

புதன்கிழமை மழை பெய்தது.
ஜனவரியில் பெய்யக்கூடாத மழை.
வியாழன் காலை சரிவின் அடியில்
புல் தலைகாட்டியது, போன வருடத்துப் புல்,
நரைத்து, சப்பையாக,
பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்டவனின் தலைமயிர் போல.

மலை என்று சொன்னால் மலைகள் சிரிக்கும்.
மெய்ன் மாநிலத்தின் வடகோடியில்
உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே ஒரு புடைப்பு.
உச்சியிலிருந்து சறுக்கிவர நாற்பது வினாடி.
ஏற ஒரே ஒரு வடம்.
வடத்தைச் சுற்றுவது ஒரு லாரியின் எஞ்சின்;
லாரி செத்துப் பல வருடம்,
எஞ்சினுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
இங்கே சம்பளம் வாங்குகிறவர் எவரும் இல்லை.
டிக்கெட் ஐந்து டாலர்.
இல்லாதவர் அடுப்புக்கு இரண்டு விறகு.

வியாழன் இரவு அர்மான் பெல்ட்டியே கூப்பிட்டான்.
"பனி கிடைச்சிருக்கு" என்றான்,
திருட்டு நகை கைமாறும் குரலில்.
பக்கத்து ஊர் ஹாக்கி அரங்கில்
தினமும் தரையை வழித்துச் சீவிய ஐஸ்
பின்வாசலில் ஆளுயரம் குவிந்து கிடக்கிறதாம்.
அள்ளிக்கொள்ளலாமாம், விடிவதற்குள்.

நாலு டிரக். பதினோரு மண்வாரி.
போதவில்லை.
சர்ச்சின் வண்டி நிறுத்துமிடத்திலும் அள்ளினோம்.
பாதிரியார் ஜன்னலில் நின்று பார்த்தார்,
பிறகு விளக்கை அணைத்துவிட்டார்.
செவிலி ஒடெட் இரவுப் பணிக்குப் போகிற வழியில்
சீருடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு
இருபது நிமிடம் வாரிக் கொடுத்துவிட்டுப் போனாள்.
அந்தப் பனி வெள்ளையாக இல்லை.
ஹாக்கிக் கோடுகளின் நீலம், சிவப்பு,
சர்ச் வாசலின் சரளை,
ஒரு பல்.
பல்தான்.
யாரும் கேட்டு வரவில்லை.

சனிக்கிழமை.
எனக்குச் சறுக்கத் தெரியாது.
முழங்கால் மரம் வெட்டப் போய் மரத்தோடு போயிற்று.
என் வேலை பொத்தான்.
டெலிபோன் கூண்டளவு குடிசையில் ஸ்டூல் போட்டு
பெருவிரலைச் சிவப்பின் மேல் வைத்துக்கொண்டு
விழுகிறவர்களைப் பார்க்கிறேன்,
பதினாலு குளிர்காலமாக.
நன்றாகச் சறுக்குகிறவர்களை எனக்கு அடையாளம் தெரியாது.

ஒருவர் விழுந்தால் அழுத்துவேன்.
எஞ்சின் இருமி அணையும். வடம் நிற்கும்.
வடத்தைப் பிடித்த அத்தனை பேரும்
பாதி மேட்டில் அப்படியே நிற்பார்கள்,
வாயில் புகை விட்டுக்கொண்டு:
வரி வசூலிக்கும் அம்மாள்,
அவளுக்கு நாய்ப்பேயென்று பெயர் வைத்த ரோசேர்,
அவனுடைய மூன்று பெண்கள்,
ஒரே கொடியில் விறைத்த துணிகள்.
"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஒரு குரல் கத்தும்.
அது எப்போதும் லூசியன்தான்.

இன்றைக்கு மஞ்சள் ஹெல்மெட் ஒன்று.
கிழங்குக் கிடங்கின் புதுக் கணக்காளர் மகள்,
மிரேய், ஆறு வயது.
ஒரே இடத்தில் எட்டு முறை விழுந்தாள்.
எட்டு முறை அழுத்தினேன்.
ஒன்பதாவதில் எழுந்திருக்கவே இல்லை.

தூக்குப்பலகையோடு ஓடினான் அர்மான்.
மேட்டில் முப்பது பேர் கழுத்தை நீட்டினார்கள்.
லூசியன்கூடக் கத்தவில்லை.
அவன் குனிந்தான், நிமிர்ந்தான்,
என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரித்தான்.

அவள் விழவில்லை.
உட்கார்ந்து நீலப் பனியைத் தின்றுகொண்டிருக்கிறாள்.

"சாகமாட்டாள்" என்றாள் ஒடெட்,
சூப் அகப்பையைக் கீழே வைக்காமல்.

எஞ்சினைக் கிளப்பும் சாவி என் கையிலேயே இருந்தது.
தேடுவதுபோல் நடித்தேன்.
ஸ்டூலுக்கு அடியில் பார்த்தேன், பாக்கெட்டைத் தட்டினேன்.
மிரேய் இன்னொரு பிடி எடுத்தாள்,
இந்த முறை சிவப்பு.
ருசி வேறா என்று பார்க்கிறாள் போலும்.
முப்பது பேர் அசையாத வடத்தைப் பிடித்தபடி
அவள் தின்று முடிக்கக் காத்திருந்தார்கள்.

வசூல் நூற்றுப்பத்து டாலர், விறகு பதினாறு.
பெட்ரோல் எழுபத்திரண்டு.
அறுந்த கையுறை ஒன்று, சொந்தக்காரர் இல்லை.
செவ்வாய்க்கிழமை மறுபடி மழையாம்.
ஹாக்கி அரங்கின் போன் நம்பரை
அர்மான் குடிசைச் சுவரில் கரியால் எழுதிவிட்டுப் போனான்,
பொத்தானுக்கு நேர் மேலே,
என் கண் படுகிற இடத்தில்.